98 சென்டிமீட்டர் ஒயர்: ஹாம் ரேடியோ பரீட்சைக்குப் படித்த கதை

பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானொலி அலை வழியே பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. அதன் ஆரம்ப நிலை லைசென்ஸ் பரீட்சைக்கு ஆறு வாரம் படித்தேன். அதில் முதல் மூன்று வாரம் வீண். கேள்வித் தொகுப்பை வைத்துக்கொண்டு உருப்போட்டேன். பள்ளியில் பழகிய புத்தி, லேசில் போகுமா? மாதிரித் தேர்வில் விடைகளின் வரிசை மாறி வந்ததும் குட்டு வெளிப்பட்டது. பல கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்திருந்தது விடை இல்லை, 'மூன்றாவது' என்பது மட்டும்தான்.

அப்புறம்தான் ஆன்டெனா கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தேன். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். இது மனப்பாடம்தான், ஆனால் அந்த 300 எங்கிருந்து வந்தது? ஒளி ஒரு விநாடியில் ஓடுவது சுமார் 30 கோடி மீட்டர். மெகா என்றால் பத்து லட்சம். சுழியங்களை அடித்தால் மிச்சம் 300. அவ்வளவுதான் விஷயம். 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டேன், 2.07 மீட்டர். அந்த அலைவரிசைப் பட்டையை '2 மீட்டர்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆன்டெனாவின் நீளம் அரை அலை. அதற்கு 1.03 மீட்டர், ஒயருக்காக அதில் சுமார் 5 சதவீதம் கழித்தால் 98 சென்டிமீட்டர். பழைய ஒயரில் 49, 49 என்று இரண்டு துண்டு வெட்டி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். அதே கணக்கை 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் 20 மீட்டர் வந்தது. அதற்குச் சுவர் போதாது.

வானில் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்குகளான அயனி மண்டலம் பற்றிய பாடத்துக்கு மீடியம் வேவ் ரேடியோதான் வாத்தியார். பகலில் வெறும் இரைச்சல், இரவானால் எங்கோ இருக்கும் நிலையங்கள் பேசும். பகலில் அலையை விழுங்கும் டி என்ற கீழ் அடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துபோகிறது. மேல் அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு ராத்திரி காதால் கேட்ட பிறகு அந்தப் பகுதியில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை.

க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ குறியீடுகளை உருப்போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. க்யூ.ஆர்.எம், க்யூ.ஆர்.என் இரண்டும் குழப்பும். எம் என்றால் மனிதன் செய்யும் இடைஞ்சல், என் என்றால் நேச்சர் செய்வது என்று வைத்துக்கொண்டேன். புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸுக்குப் பயந்து பரீட்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. 2003இல் நடந்த உலக வானொலி மாநாடு அதைக் கட்டாயமாக்குவதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. என் பரீட்சையில் அது இல்லை.

சக்தி எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவான டெசிபல்தான் கடைசிவரை இழுத்தடித்தது. 3 என்றால் இரு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. சரி, 5 வாட்டை 50 ஆக்கினால்? 10 டெசிபல். கேட்கும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் அலகு ஒன்றுக்கு 6 டெசிபல் என்பதால், எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில் முள் முழுதாக இரண்டு அலகுகூட ஏறாது. இது புரிந்ததும் பெரிய கருவி வாங்கும் ஆசை பாதி போய்விட்டது.

பரீட்சையில் தேறினேன். தப்பாகப் போன கேள்விகளில் ஒன்று டெசிபல்தான்.

வானொலியில் என் பெயராக இருக்கும் அழைப்புக்குறி வந்த அன்று, சுவரில் இருந்த ஒயரை எடுத்து, கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளில் பற்றவைத்தேன். ஆன்டெனா கருவிக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் அளவு சரியாக வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நறுக்க வேண்டியிருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை உள்ள ஒயர் கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டுமாம். நான் படித்த கேள்விகளில் அது மட்டும் வரவே இல்லை.