இரண்டு 214

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியின் மூடியில் படிந்திருந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தேன். ‘214’ என்று தெரிந்தது. வேறு ஓர் எழுத்துகூட இல்லை. எங்கள் கல்லூரித் துறையின் அட்டவணையில் 214-க்கு நேராக ‘வெள்வேல், காங்கேயம், கொரங்காடு’ என்று இருந்தது, அதாவது காங்கேயத்தில் வேலியிட்ட மேய்ச்சல் நிலமொன்றில் நின்ற வெள்வேல் மரம். அதை நம்பி, குப்பியில் இருந்ததில் ஒரு பங்கை, கேட்டிருந்த வெளியூர் ஆய்வாளருக்கு அனுப்பி வைத்தோம். சில வாரங்களில் பதில் வந்தது: டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்த்ததில் அது சீமைக்கருவேலாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பழைய களக் குறிப்பேடுகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். வெவ்வேறு ஆண்டுகளில் இருவர் சேகரித்திருக்கிறார்கள். இருவருமே ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் உலர்தாவரத் தாள், அதாவது அழுத்திக் காயவைத்த கிளையை ஒட்டிய தாள், ஒருவருடைய 214. ஃப்ரீசரில் இருந்த குப்பி மற்றவருடைய 214. அட்டவணையில் ‘மாதிரி எண்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

ஆகவே எண்களைத் திருத்துவதற்கு முன் அந்த ‘மாதிரி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தாள்களைப் பராமரிப்பவருக்கு மாதிரி என்றால் தாள். ஆய்வகத்தில் வேலை செய்யும் மாணவிக்கு அது குப்பி. காட்டுக்குப் போகிறவருக்கோ, அடையாளம் கட்டிவிட்டு வந்த மரமே மாதிரி. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான், ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்தது.

நாங்களாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டவணையின் கட்டங்களுக்கு என்ன பெயர், என்ன பொருள் என்று வரையறுக்க உலகெங்கும் உள்ள சேகரிப்பகங்கள் பயன்படுத்தும் டார்வின் கோர் என்ற சொற்றொகுதி 2009-இல் தரமாக ஏற்கப்பட்டது. திசு, டி.என்.ஏ. வைத்திருக்கும் உயிரி வங்கிகளுக்காக ஜி.ஜி.பி.என். (குளோபல் ஜீனோம் பயோடைவர்சிட்டி நெட்வொர்க்) வலையமைப்பு அதன்மேல் கட்டிய தரவுத் தரம் 2016-இல் வெளிவந்தது. சேகரித்தவர் களத்தில் இட்ட எண் வேறு, சேகரிப்பகம் தரும் பதிவெண் வேறு என்பதை டார்வின் கோர் இரண்டு தனிச் சொற்களாகவே வைத்திருக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளே கடைப்பிடித்திருந்தால் 214-இன் குழப்பம் நேர்ந்திருக்காது.

ஆனால் தரத்தைப் படிப்பதால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. நம் அலமாரியின் முன் நின்று முடிவெடுப்பதற்கு ஒரு விதி வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்டது இது: தனியாக எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிற ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவெண், அது எதிலிருந்து வந்ததோ அதன் எண் ‘தாய் எண்’ என்ற கட்டத்தில். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பையில் போட்ட இலைத்துணுக்குக்கு மரம் தாய். அந்த இலையிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வுக்கு இலைத்துணுக்கு தாய். டி.என்.ஏ.வை இரண்டு குப்பிகளில் பங்கிட்டால் இரண்டுக்கும் இரண்டு எண்.

இதில் ஓரிடத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தாளில் ஒட்டியிருக்கும் இலையைப் பல ஆண்டுகள் கழித்துக் கிள்ளி டி.என்.ஏ. எடுத்தால் அந்தத் துணுக்குக்குத் தாய் மரமா, தாளா? மரம் ஒன்றுதானே என்றார் ஒருவர். நான் விட்டுக்கொடுக்கவில்லை. களத்திலேயே சிலிக்காவில் உலர்ந்த இலையும், அழுத்திக் காய்ந்து அலமாரியில் கிடந்த இலையும் ஒன்றல்ல, பின்னதில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். தாய் தாள்தான் என்று எழுதினோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பதிவெண்ணில் ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பெரிய உலர்தாவரத் தொகுப்புக்கு ‘எம்.எச்.’ என்பது குறியீடு. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்பதன் சுருக்கம் அது. தொகுப்பு கோவைக்கு வந்து நூறாண்டு கடந்த பின்னும் குறியீட்டை மாற்றவில்லை. மாற்றினால் அதைச் சுட்டும் பழைய நூல்கள் எல்லாம் திசை தெரியாமல் நின்றுவிடும். எண்ணில் ஊரும் வேண்டாம், மரத்தின் பெயரும் வேண்டாம் என்று முடிவானது.

ஊர்ப் பெயர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பம் கொடுத்த பழைய தாள்களில் ‘கோயம்புத்தூர் ஜில்லா’ என்றே எழுதியிருக்கிறது. அந்த ஜில்லாவில் கொள்ளேகாலமும் இருந்தது. 1956-இல் அது மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களாயின. இன்றைய வரைபடத்தை வைத்துப் ‘பிழைதிருத்தம்’ செய்யப் போன மாணவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். தாளில் உள்ளது உள்ளபடி ஒரு கட்டம், நாம் புரிந்துகொண்ட இடம் இன்னொரு கட்டம். முதல் கட்டத்தை யாரும் தொடக் கூடாது.

அறிவியல் பெயருக்கும் இதே ஏற்பாடு. வெள்வேல் பழைய தாள்களில் அகேசியா லியூகோஃப்ளோயா. இன்று வாசெல்லியா லியூகோஃப்ளோயா. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதில்லை. யார், எந்தத் தேதியில், என்ன பெயர் சொன்னார் என்று அடுத்த வரியாகச் சேர்க்கிறோம்.

சேகரிக்க வாங்கிய அனுமதியைக் குறிக்கும் கட்டம்தான் என்னை மிகவும் அச்சுறுத்தியது. பெரும்பாலான வரிகளில் அது வெறுமையாகக் கிடந்தது. வெறுமை என்றால் அனுமதி வாங்கவில்லையா, தேவைப்படவில்லையா, வாங்கிய தாள் தொலைந்ததா? 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்த மூன்றும் ஒன்றல்ல. ‘உள்ளது’, ‘தேவையில்லை’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என்ற நான்கில் ஒன்றை எழுதாமல் எந்த வரியும் இப்போது பதிவாகாது.

பிறகு காங்கேயத்துக்கு மறுபடி போனேன். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் நின்றது. “அம்மிணி, முன்பு வந்தவர் கிளை வெட்டியது அந்த மரத்தில்தான்” என்று கொரங்காட்டுக்காரர் படலருகே நின்ற வெள்வேலைக் காட்டினார். பட்டையில் பழைய தகர வில்லை துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. இலை பறித்துப் பையில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே வைத்தேன். மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

அந்த இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ. ஆய்வாளருக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய குப்பியை நான் எறியவில்லை. இரண்டாமவரின் குறிப்பேட்டில் அவருடைய 214 தாராபுரம் சாலையோரத்துச் சீமைக்கருவேல் என்று தெளிவாக இருக்கிறது. புதிய பதிவெண் கொடுத்து, தாய் எண் கட்டத்தில் அந்த மரத்தின் எண்ணையும், களஎண் கட்டத்தில் 214-ஐயும் எழுதி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.