கழுகு எண்ண ஒரு கடிதம்

மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம் இருக்கும் தஞ்சோங் துவான் முனைக்கு, சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி இடம்பெயர்ந்து வரும் கழுகுகளை மார்ச் மாதம் எண்ணப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்துப் பக்கம் முழுக்க நெகிரி செம்பிலான், ஆனால் முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். இது எனக்குத் தெரியும். எண்ண அனுமதி கேட்டு நெகிரி செம்பிலான் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, எடுத்த அம்மணிக்குத் தெரியவில்லை. "போர்ட்டிக்சன்தானே, இங்கேயே வாங்க" என்றார். மலாக்கா நிலமாச்சே என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லை, இங்கேதான்" என்று வைத்துவிட்டார்.

அரைநாள் விடுப்பு, டோல், பெட்ரோல். கவுண்டரில் நம்பர் வந்ததும் உள்ளே இருந்தவர் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்சிக் (ஐயா), இது மலாக்கா நிலம்."

ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. போன் பண்ணிய நேரத்தையும் பேசியவர் பெயரையும் அன்றிலிருந்து குறித்து வைக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

சும்மா பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச்சில் கழுகு பார்க்கும் விழா நடத்துகிறது. அந்த நாளில் போனால் ஏற்பாடெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்டது வார நாட்களில், விழாக் கூட்டம் இல்லாத நேரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ண இடம். காடு ஒரு இலாகாவின் கையில், கலங்கரை விளக்கம் கடல்துறையின் கையில். ஆக இரண்டு கடிதம். இரண்டிலும் குழுவில் உள்ள எல்லோர் பெயரும், ஐ.சி. (அடையாள அட்டை) நகலும். எங்களில் ஒருவர் ஐ.சி.யின் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். அதற்காக மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. பின்பக்கத்தையும் எடுங்கள், ஆளுக்கு இரண்டு பிரதியாக எடுங்கள். மார்ச்சுக்கு வேண்டுமென்றால் டிசம்பரிலேயே எழுதிவிடுங்கள். பிப்ரவரியில் எழுதினால் சீனப் புத்தாண்டு விடுமுறையில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

அனுமதி வந்தது. ஏறினோம்.

காலையிலேயே போய்க் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. இந்தப் பறவைகள் இறக்கையை அடிக்காமல், சூடாகி மேலே எழும் காற்றில் ஏறிப் போகிறவை. கடல்மேல் அந்தக் காற்று எழும்பாது. அதனால் எதிரே சுமத்ரா பக்கம் ரூப்பாட் தீவில் வெயில் ஏறும்வரை காத்திருந்து, உயரம் பிடித்து, மலாக்கா நீரிணை மிகக் குறுகலாக இருக்கும் இந்த இடத்தில், ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டுகின்றன. பத்து பதினொரு மணிக்கு மேல்தான் வரத்து சூடு பிடிக்கும். வந்து சேரும்போது களைத்து, தாழ்ந்து வரும். சில நேரம் மரத்துக்குச் சற்று மேலே, கண்ணின் நிறம் தெரிகிற அளவுக்கு. பெரும்பாலும் தேன்பருந்து. அவற்றில் ஜப்பான்வரை போகிறவையும் உண்டு. நடுநடுவே கொண்டை வைத்த கறுப்பு பாசா, ஜப்பானிய வைரி, சீன வைரி, சாம்பல்முகப் பருந்து.

சிக்கல் எண்ணுவதில்தான். கரையைத் தொட்டதும் எல்லாம் முனைக்கு மேலேயே வட்டமடித்து உயரம் ஏறும். முதல் தடவை வருகிறவர்கள் அந்த வட்டத்தைத்தான் எண்ணுவார்கள். ஒரே கூட்டத்துக்கு என் பக்கத்தில் நின்றவர் 240 என்றார், என்னிடம் 180. இருவரும் அடம் பிடித்தோம். பல வருடமாக வருகிற அண்ணன் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, சுத்துறதை எண்ணாதே. கடல்லேர்ந்து கரையைத் தாண்டுறப்பவே கையில இருக்கிற எண்ணுற கிளிக்கரை அமுக்கு. தலைக்கு மேலே இருக்கிறது ஏற்கெனவே கணக்குல வந்தது." கூட்டம் பெரிதாக வந்தால் பத்துப் பத்தாக எண்ணலாம். ஒரு பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு அப்புறம் அதை நகர்த்திக்கொண்டே போகவேண்டும். இனம் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாதது' என்ற கட்டத்தில் போடுங்கள். வெட்கப்பட்டு எல்லாவற்றையும் தேன்பருந்தாக்கி எழுதியவரின் தாளை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளூர்க்காரர்களையும் கழிக்கவேண்டும். அங்கேயே குடியிருக்கும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் கடல் பக்கம் போய்ப் போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கிளிக்கரை அமுக்கிவிடுவார்.

சுமத்ராவில் புல்கரி (பீட்) மண் காடு எரிந்து புகை கிளம்பினால் கதை வேறு. தொலைவில் புள்ளியாகத் தெரியவேண்டிய பறவை திடீரென்று தலைக்கு மேல் வந்து நிற்கும். அன்றைக்குத் தாளில் பார்வைத் தூரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைந்தது பறவையாலா புகையாலா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது. மணிக்கு மணி காற்றின் திசை, மேகம் எல்லாம் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். எழுதும்போது சலிப்பாகத்தான் இருக்கும்.

கடலோரப் பறவைக் கணக்கெடுப்பு இதற்கு நேர் எதிர். வானத்தை விட்டுவிட்டுச் சேற்றைப் பார்க்கவேண்டும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும். எங்களுக்குக் கோலசிலாங்கூர் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய அலை அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், பினாங்குக்கு உரியது. கிள்ளான் கரைக்கு அது உதவாது, ஏற்றமும் வற்றமும் வரும் நேரம் மணிக்கணக்கில் மாறும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் எங்கோ உள்ளே போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதில் கடுகு சிதறியது மாதிரி உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள். ஸ்கோப்பில் பார்த்தால் வெயிலில் எல்லாம் நெளிகிறது. வெறுங்கையோடு திரும்பினோம். ஏற்றம் வரும்போதுதான் தண்ணீர் அவற்றைத் துரத்தித் துரத்தி ஒரே இடத்தில் சேர்க்கும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் நமக்கு. பக்கத்துத் துறைமுகத்தின் அட்டவணையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், யார் அனுப்பினாலும் சரி.

அடுத்த முறை நேரம் சரி, இடம் பூட்டு. பறவைகள் ஒதுங்கியது ஓர் இறால் குட்டைக் கரையில், வாசலில் நேப்பாளக் காவலாளி. கடிதத்தை நீட்டினோம், முதலாளி சொல்லாமல் முடியாது என்றார். வாக்குவாதம் செய்யவில்லை. ஸ்கோப்பை வேலிக்கு வெளியே நிறுத்தி, "நீங்களும் பாருங்கள்" என்றோம். பட்டைவால் மூக்கன் கூட்டம் ஒன்று ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார், அவரே முதலாளிக்குப் போன் போட்டார், கதவு திறந்தது.

உள்ளே பவளக்காலிகளுக்கும் பச்சைக்காலிகளுக்கும் நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. கால் குட்டை, மஞ்சள் சாயல், அலகு அடியில் தடித்து இருந்தது. நார்ட்மன் பச்சைக்காலி. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கிற பறவை. சந்தோஷத்தில் ஸ்கோப்பிலேயே கைப்பேசியை வைத்து நாலைந்து படம் எடுத்தோம். நல்லவேளை. தாளை அனுப்பிய இரண்டாம் நாளே ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார், "உறுதியா? சாதாரணப் பச்சைக்காலியாக இருக்கப்போகிறது" என்றார். படத்தை அனுப்பினேன். மாலைவரை பதில் இல்லை. அப்புறம் ஒரே வரி: "எண்ணிக்கை 1, சேர்த்துவிட்டேன்." அலை அட்டவணையைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.