பக்கத்துக்கு எவ்வளவு?

ஜாப் டைப்பிங் தொழிலில் கூலி எப்போதும் பக்கக் கணக்குதான். கும்பகோணத்தில் கோர்ட்டைச் சுற்றி டைப்பிங் கடை வைத்திருந்த எல்லோருக்கும் இதே வழக்கம். ஒரிஜினலுக்கு ஒரு ரேட், கார்பன் காப்பிக்கு ஒரு ரேட், பத்திரப் பேப்பரில் நேராக அடித்தால் அதற்குக் கொஞ்சம் கூட. வக்காலத்து, பிராது, எதிருரை, அஃபிடவிட், கிரையப் பத்திரம், உயில் என்று ஊர்க்காரர்களின் சண்டையும் சொத்தும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். கடையை மூடிவிட்டு, ஒரு வக்கீல் ஆபீசில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர் காலத்தில் வெளியிலிருந்து வேலை செய்து கொடுத்தேன், இப்போது அவர் மகன் காலத்தில் உள்ளே.

நான் டைப்ரைட்டிங் கற்றது எண்பதுகளின் தொடக்கத்தில். இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று கலந்து கிடக்கும். தமிழுக்கு முதல் பாடம் யளனகப. மாஸ்டர் நம் கைக்கு மேல் ஒரு பலகையை வைத்துவிடுவார். விசை கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் தேடிப் போக வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு. லோயர், அப்புறம் ஹையர். ஆங்கில ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை. அந்தச் சான்றிதழ் இருந்தால் டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்பதால், கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களும் வேலைக்குக் காத்திருந்த பையன்களும் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள்.

தமிழ் டைப்ரைட்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா முப்பதுகளில் அந்த மெஷினை வடிவமைத்தபோது, நகரா விசை என்று ஒன்றை வைத்தார். புள்ளியை அடித்தால் உருளை நகராது. அதற்குப் பிறகு க அடித்தால்தான் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும், அப்புறம் நகரும். அதாவது ‘க்’ எழுத முதலில் புள்ளி, பிறகு க. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று அடி, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். நாற்பது வருடம் என் வலது சுண்டுவிரல் எழுத்துக்கு முன்னால் புள்ளியை வைத்தே பழகியது. வாய் ‘அம்மா’ என்று சொல்லும்போது விரல் அ, புள்ளி, ம, ம, கால் என்று போகும். இதை யோசித்துச் செய்ததே இல்லை.

வேகம்தான் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. மதியம் கோர்ட் கூடுவதற்குள் வேண்டுமென்று வந்தால், “அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க” என்பார்கள். பெயர்கூட யாருக்கும் தேவைப்படவில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது நான் தடுமாறுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. தடுமாறவில்லை, ஏனென்றால் வானவில் மாதிரி எழுத்துருக்களில் டைப்ரைட்டர் விசை வரிசையிலேயே அடிக்க முடிந்தது. மெஷின்தான் வேறு, விரலின் பாதை அதேதான். தொல்லை எல்லாம் ஃப்ளாப்பியை வேறு கடைக்கு எடுத்துப் போகும்போதுதான். அங்கே நம் எழுத்துரு இல்லையென்றால் கிரையப் பத்திரம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்வதற்கில்லாத இன்னொன்று தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் என் விரல் காலியாக இல்லையே. புள்ளியை முன்னால் வைத்த கை இப்போது பல இடங்களில் புள்ளியே வைக்கக் கூடாது. முதலில் கொம்பு போட்ட கை, இப்போது க போட்டுவிட்டு எ தட்ட வேண்டும். புதிதாகக் கற்பது சுலபம், கற்றதை விரலிலிருந்து இறக்கி வைப்பதுதான் பாடு. எழுத்துக்கூட்டி வாசிக்கிற குழந்தை மாதிரி ஒரு பத்தியை அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஜூனியர் வக்கீல் வந்து நின்றால், காது மடல் சூடாகிவிடும்.

இருபது வயதில் மெதுவாக அடித்தால் “கத்துக்கிறா” என்பார்கள். ஐம்பத்தைந்தில் அதே வேகத்தில் அடித்தால் “வயசாயிடுச்சு பாவம்” என்கிறார்கள். எது என்னை அதிகமாகத் தொட்டது என்றால், அந்தப் ‘பாவம்’தான். கடைசியில் என் கணினியில் பழைய டைப்ரைட்டர் விசை வரிசையையே யூனிகோடில் வைத்துக்கொண்டேன். என் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் கத்துவார்கள். கத்தட்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வயதானவர்கள் போனைத் தொடவே பயப்படுகிறார்கள் என்று இளையவர்கள் கேலி செய்கிறார்கள். “சும்மா அழுத்திப் பாருங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்பார்கள். எங்கள் காலத்தில் அழுத்தினால் ஆகும். நாலு பேப்பருக்கு நடுவே மூன்று கார்பன் வைத்து அடிக்கும்போது ஓர் எழுத்து தவறினால், நாலு தாளிலும் தனித்தனியாக ரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். கார்பன் காப்பியில் தேய்த்தால் மை இழுவிக் கறுப்பாகும். பத்திரப் பேப்பர் என்றால் இன்னும் மோசம். பேப்பரின் விலை பார்ட்டியின் பணம். அடித்தல் திருத்தல் இருந்தால், எழுதிக்கொடுப்பவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் பதிய மறுக்கலாம். 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதனால் வாக்கியம் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்க்காமல் முதல் எழுத்தைத் தட்ட மாட்டோம். பயம் எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பயத்தைத்தான் இப்போது இயலாமை என்கிறார்கள்.

அப்புறம், ஒன்றும் ஆகாது என்பது உண்மையா என்ன? தப்பான நம்பருக்குப் பணம் அனுப்பிவிட்டு வங்கிக்கு நடக்கிறவர்கள் எத்தனை பேர்? இ-ஃபைலிங்கில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் திருப்பி அனுப்பப்பட்டு, கெடு நாள் தாண்டி, பார்ட்டி வந்து சத்தம் போடுவதை இந்த ஆபீசிலேயே பார்க்கிறேன். அழிக்கிற பொத்தான் இருக்கிற இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. எது எங்கே என்று தெரிகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

சொல்லிக்கொடுக்கிற விதமும் மாறிவிட்டது. பிடிஎஃப் கோப்பின் அளவை எப்படிக் குறைப்பது என்று கேட்டால், “நகருங்கக்கா” என்று மவுஸைக் கையிலிருந்து வாங்கி நாலு தட்டுத் தட்டிவிட்டு, “அவ்ளோதான்” என்று போய்விடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான், வேலை முடிந்துவிடும், ஆனால் நான் கேட்டது தீர்ந்திருக்காது. மறுநாள் அதையே மறுபடி கேட்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்பது எப்போதும் முதல் தடவையைவிடக் கஷ்டம். எங்கள் மாஸ்டர் எவ்வளவு கெஞ்சினாலும் நம் விசையில் அவர் விரலை வைக்க மாட்டார். பலகைக்கு அடியில் நாமேதான் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆளை அன்று மனதுக்குள் திட்டாத நாள் இல்லை.

2024 ஜூலை 1ஆம் தேதியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அன்றுதான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. 1860இலிருந்து இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா. ஊரே திட்டுவதற்குப் பயன்படுத்தும் 420, இப்போது 318(4). கொலைக்கு 302 போய் 103. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஊரடங்கு மாதிரி தடை உத்தரவுக்கு இருந்த 144 இப்போது 163 ஆகிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் ஜீவனாம்சம், அதாவது பழைய 125. அந்த மாதங்களில் ஆபீசில் எல்லோர் மேஜையிலும் பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று ஒப்பிடும் அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. முப்பது வயது வக்கீலும் வாயைத் திறந்தால் பழைய எண்தான் வரும், நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டவணையைப் பார்ப்பார். யாரும் அவரைப் பாவம் என்று சொல்லவில்லை. “எல்லாருக்கும் புதுசுதானே, பழகிடும்” என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். பழகுகிற வரையில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இப்போது வந்திருப்பது குரல். பெரியவரின் மகன், எங்கள் வக்கீல் தம்பி, காரில் வரும்போதே போனைப் பார்த்துப் பேசுகிறார். ஆபீசுக்குள் நுழைவதற்குள் டிராஃப்ட் எழுத்தாக வந்து நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஹையர், பலகை, கார்பன் எல்லாம் சேர்த்து நான் நாற்பது வருடத்தில் சம்பாதித்த வேகத்தை, சும்மா பேசிக்கொண்டே ஒருவர் தாண்டிப் போகிறார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

“அக்கா, இதை ஒரு தடவை பார்த்துடுங்க” என்று அனுப்பினார். பார்த்தேன். சாதாரணத் தமிழ் எல்லாம் சுத்தமாக வந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொத்து விவரத்துக்கு வந்தபோதுதான் கதை மாறியது. தெற்கு வடக்கு அளவைச் சொல்லும் ‘தென்வடல்’ என்பது ‘தேன் வடை’ ஆகியிருந்தது. தேன் வடை அடி 60. ஆபீசே சிரித்தது, நானும்தான். ஆனால் அதற்கு இரண்டு வரி கீழே சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. கிழக்கு எல்லையாகச் சொல்லப்பட்டவருடைய நிலம், மூலப் பத்திரத்தில் மேற்கில் இருந்தது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை, வார்த்தை வார்த்தையாகச் சரி. தம்பி பேசும்போதே மாற்றிச் சொல்லியிருக்கிறார், போன் அதை அப்படியே எழுதிவிட்டது. செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை சொல்லும் இடத்தில், கிழக்கும் மேற்கும் மாறினால் அடுத்த தலைமுறைக்கு ஒரு தாவா, அதாவது வழக்கு, ரெடி. நான் அடித்திருந்தால் கை அங்கே நின்றிருக்கும். மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடிப்பேன், வேறு மாதிரி அடிக்கத் தெரியாது.

இதை வைத்து அனுபவம் ஜெயித்தது என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. தென்வடல், கிழமேல், ஜாதியடி மாதிரிப் பத்திர வார்த்தையெல்லாம் நாளைக்கு அந்தப் போனுக்குத் தெரிந்துவிடும். மூலப் பத்திரத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று வரும், வராமலா இருக்கும்? ஆனால் எனக்குள் இருந்த முடிச்சு எது என்று அன்று தெரிந்தது. இத்தனை வருடம் நான் செய்துவந்தது இரண்டு வேலை: அடிப்பது, பார்ப்பது. கூலி வாங்கியது அடித்ததற்கு மட்டும். பார்ப்பது அதற்குள்ளேயே இலவசமாகப் போய்விட்டது. அது தனி வேலை என்று பார்ட்டிக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. எனக்கே தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது அடிக்கிற வேலை போய்விட்டதால், என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்கும் தோன்றிவிட்டது.

தோன்றியதற்கு ஒரு காரணம், பில் போடும்போது வருகிற பேச்சு. “நீங்க டைப்பே பண்ணலையேக்கா” என்று தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பக்கம் அவருடையது. நான் மாற்றியது நாலு வார்த்தை. நாலு வார்த்தைக்கு என்ன ரேட்?

பேசினோம். முதலில் அவர் மணிக் கணக்கு போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படிக்கிறவள் நான். மணிக் கணக்கென்றால் ஒவ்வொரு தடவையும் நான் வேண்டுமென்றே இழுக்கிறேனோ என்று அவருக்கும், அப்படி நினைக்கிறாரோ என்று எனக்கும் இருந்துகொண்டே இருக்கும். பக்கக் கணக்கே இருக்கட்டும் என்றேன். எல்லாப் பக்கத்துக்கும் பாதி ரேட் என்றார். மற்றப் பக்கங்களுக்குப் பாதி சரி, சொத்து விவரப் பக்கத்துக்கு முழு ரேட், ஏனென்றால் அதை அடிப்பதைவிட ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நேரம் அதிகம் என்றேன். சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை எல்லாம் மூலத்தோடு விரல் வைத்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் போடுவேன், தப்பு இருந்தால் என்னைக் கேட்கலாம் என்றும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றும் ஒரு வால் சேர்த்தார்.

அடுத்த வாரம் ஆறு பங்காளிகளின் பாகப்பிரிவினைப் பத்திரம் வருகிறது. ஷெட்யூல், அதாவது சொத்து விவரம், மட்டுமே இருபது பக்கம் தாண்டும் என்கிறார்கள்.