தருமபுரி நடுகல்லும் கென்யாவின் கடைசி இரண்டும்

பொங்கல் முடிந்த வாரம் தருமபுரிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நேராக ஒகேனக்கல் போவதாகத்தான் பேச்சு. ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் விடவில்லை. "சித்தி, முதல்ல அகழ்வைப்பகம் போகணும், நடுகல் போட்டோ வேணும்" என்று பிடித்துக்கொண்டாள். பள்ளிக் கண்காட்சிக்கு அவள் எடுத்திருக்கும் தலைப்போ வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வாங்க, காட்டுறேன்" என்றாள்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரர்கள், சில கற்களில் காலடியில் சின்னதாக மாடுகள். மேலே வட்டெழுத்து. 'தொறு மீட்டுப் பட்டான்' என்று இந்தக் கற்களில் வரும். ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவன் என்று அர்த்தம்.

ஒரு கல்லின் முன்னால் நின்று அவள் போனை நீட்டினாள். கென்யாவில் ஓல் பெஜெட்டா காப்பகம். புல்வெளியில் ஒரு மரம், அதனடியில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காண்டாமிருகத்தின் பெயர். பெரும்பாலானவை கொம்புக்காகக் கொல்லப்பட்டவை. "நம்ம ஊர்ல மாட்டைக் காப்பாத்தப் போய்ச் செத்தவருக்குக் கல்லு. அங்க காப்பாத்த முடியாமப் போன மிருகத்துக்கே கல்லு, சித்தி." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அங்கே சூடான் என்ற காண்டாமிருகத்துக்கும் ஒரு கல் இருக்கிறது. வடக்கு வெள்ளை இனத்தின் கடைசி ஆண் அது. குட்டியாக இருக்கும்போது 1975இல் பிடிபட்டு, பல காலம் செக் நாட்டு விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்தது. 2009 டிசம்பரில் வேறு மூன்றோடு கென்யாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழகிய வெயிலும் புல்லும் கிடைத்தால் குட்டி போடும் என்ற நம்பிக்கை. அது நடக்கவில்லை. இரவும் பகலும் துப்பாக்கிக் காவல், கொம்பைக்கூட வெட்டிக் குறைத்து வைத்திருந்தார்கள். 2018 மார்ச் 19 அன்று, முதுமையால் எழ முடியாமல் போனபோது கருணைக்கொலை செய்தார்கள். இப்போது இருப்பவை நாஜின் என்ற தாயும் ஃபாட்டு என்ற மகளும் மட்டும்.

இத்தனைக்கும் அந்தக் கொம்பு நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான்.

என்னை மிகவும் உறுத்தியது காங்கோ நாட்டின் கரம்பா காட்டுக் கதை. 1960 வாக்கில் இந்த இனம் ஆப்பிரிக்காவில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. 1984இல் கரம்பாவில் மிஞ்சியவை ஏறக்குறைய 15. அதற்கப்புறம் காவலைப் பலப்படுத்தினார்கள். இருபது வருடத்துக்குள் அது இரு மடங்கானது. அதாவது, மீட்க முடிந்திருக்கிறது! பிறகு சண்டை, ஆயுதக் கும்பல்கள். சில வருடங்களிலேயே எல்லாம் போய்விட்டது. தெற்கு வெள்ளை இனமும் ஒரு காலத்தில் நூறுக்கும் கீழே போனதுதான். விடாமல் காத்ததால் இன்று ஆயிரக்கணக்கில் மேய்கிறது. காவல் தொடர்ந்ததா, நின்றதா என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் அக்கா வீட்டில் களியும் கீரைக் குழம்பும். அப்புறம் மாமா காரை எடுத்தார். பென்னாகரம் தாண்டிக் காடு வரும்வரை அவளுக்குக் கேள்வி மேல் கேள்வி போட்டார். "ரெண்டும் பொம்பளைன்னா எப்படிம்மா குட்டி?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். நாஜினுக்குப் பின்னங்கால் பலமில்லை, ஃபாட்டுவுக்குக் கருப்பையில் கோளாறு, இரண்டுமே சுமக்க முடியாது. அதனால் மயக்க மருந்து கொடுத்து ஃபாட்டுவிடமிருந்து கருமுட்டை எடுத்து இத்தாலிக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். இறந்த ஆண்களிடமிருந்து முன்பே எடுத்து உறைய வைத்த விந்தணுவைச் சேர்த்துக் கரு உண்டாக்கி, திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறார்கள். சுமக்க வேண்டியது தெற்கு இனத்துத் தாய். சோதனையாக 2023இல் ஒரு தெற்கு இனத் தாய்க்குத் தெற்கு இனக் கருவையே வைத்தார்கள், கரு தங்கியது. ஆனால் அந்தத் தாய் பாக்டீரியா தொற்றில் இறந்துவிட்டது. உள்ளே 70 நாள் ஆண் கரு, ஆறரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"பதினாறு மாசம் சுமக்கணும் மாமா, அதுக்குள்ள குட்டி பொறந்துடணும்னு நினைக்காதீங்க" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. தந்தத்துக்காக இந்தப் பக்கத்துக் காடுகளில் கொம்பன் யானைகளைச் சுட்டுத் தள்ளிய காலத்தைப் பார்த்தவர் அவர். 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். "இருக்கும்போதே காவல் போட்டாங்களே, அது வரைக்கும் நல்லது" என்றார்.

வழியில் ஒரு வேடியப்பன் கோயிலில் நிறுத்தினோம். சாமி என்றால் அதுவும் ஒரு நடுகல்தான். மஞ்சளும் குங்குமமும் அப்பி முகமே தெரியவில்லை. விளக்கேற்றிக்கொண்டிருந்த பாட்டியிடம் இவர் யார் என்று கேட்டாள் அக்கா மகள். "யாருக்குத் தெரியும் கண்ணு, எங்க பாட்டி காலத்துல இருந்து கும்பிடறோம்."

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "குட்டி பொறந்தா மட்டும் பத்தாது சித்தி. வடக்கு இனம் எப்படி வாழணும்னு அதுக்குச் சொல்லித் தர நாஜினும் ஃபாட்டுவும் உயிரோட இருக்கணும்."

"சின்னதுக்கு என்ன வயசு?" என்றார் மாமா.

"2000த்துல பொறந்தது. நாற்பதுக்கு மேலயும் இருக்கும்."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று கியரை மாற்றினார்.