சொக்கப்ப நாயக்கன் தெரு மாடி

மதுரை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் சொக்கப்ப நாயக்கன் தெரு. எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அங்குள்ள ரமண மந்திரத்துக்குள் நுழைந்தது, அப்பாவின் தலைத் திவசம் முடிந்த மறுவாரம்.

அது பகவான் ரமணரின் சித்தப்பா குடியிருந்த வீடு. 1896 ஜூலையில், 16 வயது வேங்கடராமனுக்கு (அதுதான் பகவானின் இளவயதுப் பெயர்) இங்கே மாடியறையில் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. பையன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று தனக்குள் பார்த்தார். உடம்பு போனாலும் போகாத ஒன்று, நேராகத் தெரிந்துவிட்டது.

அப்பா போனதிலிருந்து பாதி ராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவேன். அன்று அங்கே தரையில் கண்மூடி உட்கார்ந்தபோதும் அதே படபடப்பு. வெளியே ஆட்டோ ஹாரன். சரி, வரட்டும் என்று விட்டேன். யாருக்கு இந்தப் பயம்? ‘எனக்கு’ என்று வந்தது. அந்த ‘நான்’ எங்கே என்று தேடினேன். உள்ளங்கை வேர்த்தது தெரிந்தது, கால் மரத்தது தெரிந்தது, பயமும் தெரிந்தது. தெரிந்துகொண்டிருந்த அதில் மட்டும் பயம் இல்லை. அது என் அப்பாவையும் அறியும், என்னையும் அறியும் என்று தோன்றியது. அதுதான் சுவாமி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். ஞானம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பகவானுக்கு வந்தது 1950 வரை, கடைசி மூச்சு வரை நின்றது. ஆனால் நான் அதுவரை படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று புரிந்தது.

அந்த மரண அனுபவத்துக்குப் பிறகு பகவான் அடிக்கடி மீனாட்சி கோயிலுக்குப் போய், அறுபத்து மூவர் முன் கண்ணீர் வழிய நிற்பாராம். அறிந்தவருக்கு எதற்கு அழுகை என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நானும் நேரே கோயிலுக்குப் போனேன். சுவாமி சன்னிதிப் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்து இங்கே நிறுத்தி, “எல்லாரும் நிக்கிறாங்க, காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருக்காங்க பாரு” என்பார். அம்மையாரைக் கண்டுபிடித்து எதிரே நின்றேன். ஒரு வருஷமாக வராத அழுகை அங்கே வந்தது.