ஜி.ஜி.யை நான் எதிர்த்த நாள்

1965 தேர்தல் முடிந்த கையோடு எங்கள் மேல்வகுப்பு விவாத அரங்குக்கு ஆசிரியர் ஒரு தலைப்புக் கொடுத்தார்: '1948இல் ஜி.ஜி. அமைச்சரானது சரியா?' எனக்கு வாய்த்தது 'பிழை' என்ற பக்கம்.

அப்போது யாழ்ப்பாணத்தில் ஜி.ஜி. என்றால் போதும், பொன்னம்பலம் என்று நீட்டத் தேவையில்லை. வாயாடிப் பொடியனைக்கூட 'பெரிய அப்புக்காத்து ஜி.ஜி. எண்ட நினைப்பு' என்றுதான் ஏசுவார்கள். அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர்; ஜி.ஜி.யின் தொழில் அது. 1960இல் யாழ்ப்பாணத் தொகுதியில் துரையப்பாவிடம் தோற்ற மனிதர், 65இல் அதே தொகுதியில் வென்று திரும்பியிருந்தார்.

வாசிகசாலையில் குறிப்பெடுத்தேன். 1934 இடைத்தேர்தலில் பருத்தித்துறையிலிருந்து அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனவர். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய பிரிட்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு முன் 'ஐம்பதுக்கு ஐம்பது', அதாவது சிங்களவருக்குப் பாதி இடங்கள், சிறுபான்மையினர் எல்லோருக்குமாகப் பாதி என்று கேட்டு வாதாடினார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவராக, அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சர்! மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலம் அது. காங்கிரஸில் கூட இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஜி.ஜி.யைப் பிரதமர் கொத்தலாவலை 1953இல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். எதிர்த்து நின்று முழங்கியவருக்கு ஆளும் வரிசைக் கதிரை பொருந்தவில்லை என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

மேடையில் அவரைப் போலவே சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு வாதாடினால் அதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டேன். சால்வை அம்மாவுடையது. கைதட்டல் பலம்தான். நடுவராக இருந்த ஆசிரியர், தீவிர காங்கிரஸ்காரர், முகம் கறுக்க எனக்கே முதலிடம் தந்தார். அந்த நேர்மையை இன்றும் நினைப்பதுண்டு.

1976இல் அரச விரோதக் குற்றம் சாட்டப்பட்ட அமிர்தலிங்கம் முதலான தமிழ்த் தலைவர்களுக்காக, ஜூரியில்லாத ஒரு விசேட நீதிமன்றத்தில் ஜி.ஜி.யே எழுந்து நின்றார் என்று படித்தபோது நான் ஊரில் இல்லை. பழைய போட்டியாளர் செல்வநாயகமும் அதே மேசையில் சட்டத்தரணியாக இருந்தார். அடுத்த பெப்ரவரியில் ஜி.ஜி. கோலாலம்பூரில் காலமானார்.

சரி, அந்த விவாத நாளுக்கு வருகிறேன். பரிசுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனேன். அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேலை முடிந்து, மயிரெல்லாம் சாம்பல் பூத்து, கிணற்றடியில் நின்றார். ஜி.ஜி. அமைச்சராக இருந்தபோது எழுந்த தொழிற்சாலை அது. நான் பேசியதை முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசியிருக்கிறாய். அது சரி, நீ ஓடித் திரியிற சைக்கிள் எந்தச் சம்பளத்திலை வாங்கினது?" என்றபடி வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.