குதிகால் நாட்கள்

ஜூலை 3
இன்று காலையும் மகள் வலது குதிகாலைத் தரையில் படவிடாமல், முன்பாதத்தை மட்டும் ஊன்றியே குளியலறைக்குச் சென்றாள்.

ஜூலை 5
முதலில் பார்த்த மருத்துவர் இதை வளர்கிற வலி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வளர்கிற வலி என்றால் இரவில் இரண்டு கால்களிலும் வந்து விடிவதற்குள் போய்விட வேண்டும்; இவளுக்கோ கோ-கோ ஆடி முடித்த பிறகுதான், அதுவும் ஒரே இடத்தில் வலிக்கிறது, நொண்டவும் வைக்கிறது.

ஜூலை 8
எலும்பு மருத்துவர் குதிகாலின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல அழுத்தியதும், அவள் மூச்சை இழுத்துக்கொண்டு காலைப் பறித்துக்கொண்டாள். சீவர் நோய் என்றார். 1912இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டதாம். பதினொரு வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலும்பு வேகமாக நீள, ஈடுகொடுக்க முடியாத கெண்டைக்கால் தசை அந்த இடத்தையே இழுக்கிறது. செருப்பில்லாமல் கட்டாந்தரையில் ஓடுவது மேலும் நோகடிக்கிறது. ஒரு காலில் மட்டும் வலி என்பதால், வேறெதுவும் இல்லையென்று உறுதிசெய்ய எக்ஸ்ரே எடுத்தார். அதில் குதிகாலின் ஓரம் தனியே உடைந்து நிற்பதுபோல் தெரிந்ததும் எனக்குக் கை நடுங்கியது. அவர் வலியில்லாத இடது காலின் படத்தை அருகில் வைத்துக் காட்டினார். அதிலும் அதே கோடு இருந்தது.

ஜூலை 9
குறுவட்டப் போட்டிக்கு இன்னும் 12 நாட்கள்.

ஜூலை 13
குதிகாலை உயர்த்தும் மெத்தையை இரண்டு காலணிகளிலும் வைத்தாயிற்று. காலையும் மாலையும் சுவரில் கையூன்றி, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நீட்டுகிறாள். மாலையில் துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். நொண்டாத அளவுக்கு ஆடலாம் என்று மருத்துவர் சொன்னதை அவள் ஒரு விதமாகவும் நான் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருக்கிறோம்.

ஜூலை 16
மே மாதம் முழுவதும் "பயிற்சிக்கு மட்டம் போடாதே" என்று அவளைத் துரத்தினேனே.

ஜூலை 19
இரவில் வலித்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் என்பதால், தூங்குகிறவளின் குதிகாலைத் தொட்டுப் பார்க்கிறேன். "வலிக்கலம்மா, நீ தூங்கு" என்கிறாள்.

ஜூலை 20
சீருடையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அவள் குளியலறைக்கு நடப்பதைப் பார்த்த பிறகே உடற்கல்வி ஆசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும்.